ஸ்பெயின் மலைக்கிராமத்தில் சில்வெஸ்டரின் முதுகு

சில்வெஸ்டரின் விரல்கள் தொலைக்காட்சிப் பெட்டியின் பின்னால் வேலையாக இருந்தன. மஞ்சள் வயர், வெள்ளை வயர், சிவப்பு வயர் என்று ஒவ்வொன்றையும் தூசி துடைத்து அதனதன் துளையில் செருகினார். நுணுக்கமான வேலை என்றால் அவர் கெட்டிக்காரர். அந்தப் பெட்டியைச் சுவரிலிருந்து இழுத்து அவருக்கு வழி விட்டவள் அவருடைய மனைவி அன்ரனிற்றா. இரண்டு பேர் தூக்கவேண்டிய பழைய பெட்டி அது. அவளுக்கு இடது முழங்கால் தேய்ந்துபோயிருந்தது. இழுத்து முடித்ததும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பாத்து இழு, அன்ரனிற்றா. நிலம் கீறப்போகுது," என்று அவள் இழுக்கும்போதே சொல்லியிருந்தார் சில்வெஸ்டர்.

ஜெர்மனியின் ஹம் நகரத்தில் எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் அவர்கள் வீடு. லிஃப்ட் இல்லை. நான் கீழ்த்தளத்தில் இருக்கிறேன். அன்று ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்து, ஸ்பெயின் பயணத்தின் வீடியோவைப் பார்க்க எல்லோரும் கூடியிருந்தோம். எல்லோரும் என்றால் நான், பயணத்தை ஒழுங்கு செய்த ஞானப்பிரகாசம், அவர்களுடைய பக்கத்து வீட்டு இராசலிங்கம். நாங்கள் மூவரும் போய் வந்தவர்கள். அன்ரனிற்றா மட்டும் போகவில்லை. பஸ்ஸில் இத்தனை மணித்தியாலம் முழங்காலை மடித்து இருக்க அவளால் முடியாது. அவளுக்குக் காட்டத்தான் வீடியோ.

சில்வெஸ்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மன்னார்க் கரையில் பேசாலையில் பிறந்தவர். எண்பதுகளில் அகதியாக வந்து ஹம்மில் கம்பித் தொழிற்சாலையில் சேர்ந்தார். ஒரு நாள் கம்பிச் சுருளைத் தூக்கும்போது முதுகு பிடித்தது. அது நடிப்பில்லை. வாரக்கணக்கில் இந்த வீட்டு நிலத்திலே கிடந்தார். முதியோர் இல்லத்தில் வேலை செய்தவள் என்பதால் அவரைப் புரட்டிப் படுக்க வைத்ததும் எழுந்து உட்காரப் பழக்கியதும் நான்தான். தொழிற்சாலையில் உட்கார்ந்து செய்யும் வேலைக்கு மாற்றினார்கள். இனிமேல் பாரம் தூக்கக்கூடாது என்று டொக்டர் சொன்னார்.

பிறகு முதுகு குணமாகிவிட்டது. அந்தச் செய்தியை முதுகு எவருக்கும் அறிவிக்கவில்லை. அந்த டொக்டரும் ஓய்வு பெற்றுப் போர்த்துக்கலில் குடியேறிவிட்டார். அவருடைய உத்தரவு மட்டும் மூன்றாம் மாடியில் நிலைத்துவிட்டது. சில்வெஸ்டர் சமைப்பார், இஸ்திரிப்பெட்டியால் உடுப்பு மினுக்குவார், அறுந்த பொத்தான் தைப்பார். ஆனால் தண்ணீர்ப் போத்தல் பெட்டி, அரிசி மூட்டை, கெல்லர் என்று நாங்கள் சொல்லும் நிலவறையில் தோய்த்த ஈர உடுப்புக் கூடை எல்லாம் அன்ரனிற்றாவின் கையில்தான் மேலே போகும். அவர் பின்னால் வெறுங்கையோடு ஏறுவார். இடுப்பிலே, சட்டைக்கு வெளியே, ஒரு சாண் அகலத்தில் பழுப்பு நிற முதுகுக் கட்டு. உள்ளே கட்டினால் வேர்க்குதாம்.

முழங்காலுக்கு ஒப்பரேஷன் செய்ய வேண்டும் என்று வைத்தியசாலையில் அன்ரனிற்றாவுக்குத் திகதி கொடுத்தார்கள். அவள் தள்ளிப்போட்டாள். மறுபடியும் கொடுத்தார்கள். மறுபடியும் தள்ளிப்போட்டாள். நான் ஏசினேன்.

"ஒப்பரேஷன் செய்தா கன நாளைக்கு ஒண்டும் தூக்க ஏலாதாம் அக்கா," என்றாள். "இவருக்கு முதுகு. அப்ப வீட்டிலே ஆர் தூக்கிறது?"

இன்னும் ஒருமுறை தள்ளிப்போட்டால் வரிசையின் கடைசிக்கு அனுப்பிவிடுவார்கள். திங்கட்கிழமைக்குள் முடிவு சொல்ல வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை ரோல்ஸும் தேத்தண்ணியும் தூக்கிக்கொண்டு நொண்டி நொண்டி வந்தவளின் நிலைமை இதுதான்.

பயணம் லூர்து மாதாவுக்குத்தான். ஞானப்பிரகாசம் ஆவணியில், அதாவது ஓகஸ்டில், வருடம் தவறாமல் பஸ் பிடிப்பார். அந்த வருடம், 2005, பல் டொக்டரின் வரவேற்பறையில் ஏதோ சஞ்சிகையில் படம் பார்த்துவிட்டார். லூர்துக்கு அங்கால் மலையைத் தாண்டினால் ஸ்பெயின், உவெஸ்கா மாகாணம், ஆயிரம் வருடப் பழைய கல் கிராமங்கள். "இவ்வளவு தூரம் போய் மலைக்கு அங்கால என்ன இருக்கெண்டு பாக்காம வாறதோ?" என்று பஸ்ஸை ஒரு நாள் அந்தப் பக்கம் திருப்பினார். இராசலிங்கம் யாழ்ப்பாணத்துச் சைவர். பஸ்ஸில் இடம் இருந்தது, வந்தார்.

சில்வெஸ்டர் இந்தப் பயணத்துக்கென்றே புது வீடியோ கமரா வாங்கியிருந்தார். வந்து ஒரு மாதமாகியும் படத்தை ஒருவருக்கும் காட்டவில்லை, தானும் பார்க்கவில்லை. முதலே பார்த்தால் ருசி போய்விடும் என்றார்.

"இப்ப பாருங்கோ, ஐன்சா எண்ட ஊர்," என்று பொத்தானை அமத்தினார். "சதுக்கம். சுத்திவர வளைவு வளைவாக் கல்லு மண்டபம். அன்ரனிற்றா, அந்தத் தட்டை வைச்சிட்டு வந்து இரு."

திரையில் ஒரு செருப்பு வந்தது.

சில்வெஸ்டருடைய செருப்புத்தான். கல் பதித்த நிலத்தில் அது நடந்தது. பிறகு மற்றச் செருப்பு. பிறகு ஒரு புறா. பிறகு நீண்ட நேரம் ஒரு பையின் உட்பக்கம். அதற்குள்ளே தோடம்பழம் ஒன்று உருண்டது.

"எங்க சதுக்கம்?" என்றார் ஞானப்பிரகாசம்.

"வரும் அண்ணை, வரும்."

வரவில்லை. ஐன்சா முடிந்து அல்கேசர் என்று அவர் சொன்ன இடத்தில், பஸ்ஸின் தரையும் என்னுடைய பாதங்களும் வந்தன. என் பாதங்கள் வீங்கியிருந்தது எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

கொஞ்சம் விசாரித்ததில் விஷயம் பிடிபட்டது. கமராவில் சிவப்புப் புள்ளி தெரிந்தால் அது பதிகிறது. சில்வெஸ்டர் சிவப்பு என்றால் நிற்பாட்டியிருக்கிறது என்று நினைத்திருக்கிறார்.

"சிவப்பெண்டா நிப்பாட்டு எண்டுதானே உலகம் முழுக்க!" என்றார். "இந்த ஊரிலே நடுச்சாமத்திலே காகம் குருவி இல்லாத றோட்டிலேயும் சிவப்புக்கு நிக்கிறம். கமராக்கு மட்டும் வேற சட்டமோ?"

ஆகவே அவர் கண்ணில் வைத்துப் பிடித்தது ஒன்றும் பதியவில்லை. தொங்கவிட்டுக்கொண்டு நடந்ததெல்லாம் பதிந்திருந்தது.

"நான் உங்களை எவ்வளவு வடிவான ஊருகளுக்குக் கூட்டிக்கொண்டு போனன்!" ஞானப்பிரகாசம் தலையில் கை வைத்தார். "ஒரு கல்லைக்கூடக் காணேல்லையே!"

"கல்லு இருக்கு அண்ணை," என்றார் இராசலிங்கம். "நிலத்திலே கிடக்கிறது வடிவாத் தெரியுது."

படத்தில் இல்லாததால் நானே சொல்லிவிடுகிறேன். ஐன்சா மலைமேட்டில் இருக்கிறது. இரண்டு ஆறுகள் கீழே சேர்கின்றன. சதுக்கத்தில் வெயில் சுட்டாலும் மண்டபங்களுக்குள் குளிர்ச்சி. கதவுகள் ஒவ்வொன்றும் என் அறையளவு. அல்கேசர் இன்னும் செங்குத்து. பாறை உச்சியில் கோட்டையும் கோயிலும் ஒன்றாக, அதன் கீழே செம்மண் நிற வீடுகள் ஒன்றன் தோளில் ஒன்று ஏறி நிற்கும். அழகுதான். முழங்கால் நோவுள்ளவர்களுக்கு ஏற்ற இடமில்லை. அங்கே சக்கர நாற்காலி தள்ளுகிறவர்களை நினைத்து நான் இரண்டு கிராமத்திலும் பெருமூச்சு விட்டேன்.

மூன்றாவது கிராமம் சிறியது. அதன் பெயரை எங்களில் ஒருவராலும் சரியாகச் சொல்ல முடிந்ததில்லை. அன்று ஆவணி பதினைந்து, மாதாவின் திருநாள். நாங்கள் பெண்கள் கீழே பஸ் நிறுத்துமிடத்தில் காஸ் அடுப்பில் சோறு வைத்துக்கொண்டிருந்தோம். சில்வெஸ்டரும் இராசலிங்கமும் மட்டும் மேலே ஏறினார்கள். மணிச்சத்தம் கேட்டது. நெடுநேரம் கழித்துச் சில்வெஸ்டர் இடுப்பில் கை வைத்து முனகிக்கொண்டு வந்தார். "கூட நடந்திட்டன் அக்கா" என்றார். கோடாலித் தைலம் பூசிவிட்டு, பஸ்ஸின் பின் வரிசையில் இருந்த நால்வரை எழுப்பி, முழு வரிசையையும் அவருக்குப் படுக்கக் கொடுத்தேன். நால்வரும் ஹம் வரைக்கும் நெருக்கிக்கொண்டு வந்தார்கள்.

இப்போது திரையில் அந்த மூன்றாவது கிராமத்தின் நிலம் வந்தது. இராசலிங்கம் திடீரென்று எழும்பினார்.

"சில்வெஸ்டர் அண்ணை, காணும். நிப்பாட்டுங்கோ. செருப்புத்தானே."

"இரு, இனித்தான்..." என்ற சில்வெஸ்டரின் முகம் மாறியது. திரையில் அவருடைய குரலே கேட்டது. "நிப்பாட்டிப்போட்டன் ராசலிங்கம். கவனமாப் பிடி. விழுத்திப்போடாதை."

இராசலிங்கம் கமராவைக் கைக்குழந்தையைப் போல நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருக்கிறார். அந்த நாடா முழுவதிலும் ஆடாமல் அசையாமல் எடுக்கப்பட்ட ஒரே பகுதி அதுதான்.

ஒடுங்கிய கல் சந்து. பூ அலங்காரத்தோடு மாதாவின் சுரூபம் மரச் சட்டத்தில் வருகிறது. சுமக்கிறவர்கள் எல்லோரும் வெள்ளைச் சட்டை, இடுப்பைச் சுற்றி அகலமான துணிக் கச்சை. சட்டத்தின் மூலையில் ஒருவர் வியர்வை துடைக்க விலகுகிறார். அந்த இடத்தில் சில்வெஸ்டர் போய்த் தோள் கொடுக்கிறார். மன்னாரில் சுரூபத்துக்குத் தோள் கொடுக்க எவரிடமும் கேட்பதில்லை. இங்கே அவர்களும் கேட்கவில்லை. அவருடைய இடுப்பைப் பார்த்தார்கள். அகலமான கச்சை இருந்தது. நிறம் மட்டும் வேறு. வேறு ஊர்க் கோயிலைச் சேர்ந்தவர் என்று நினைத்திருப்பார்கள்.

படிகள் தொடங்கின. செங்குத்தான, கைபிடி இல்லாத, தேய்ந்த கற்படிகள். சில்வெஸ்டர் ஏறினார். கால் தடுமாறவில்லை.

"அண்ணை! முதுகு! முதுகு!" என்றது இராசலிங்கத்தின் குரல்.

"முதுகு கிடக்கட்டும்! நீ மாதாவைப் பார்!"

கோயில் வாசலில் அவர்கள் எல்லோரும் சுரூபத்தைத் தோளிலிருந்து தலைக்கு மேலே தூக்கினார்கள். சில்வெஸ்டரும் தூக்கினார். அவர் கொஞ்சம் உயரம். மாதா மற்றப் பக்கம் சரியப் பார்த்தார். கூட்டம் கத்தியது. "மரியே வாழ்க!" என்று ஒரு தமிழ்க் குரல் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது.

பிறகு கை குலுக்கல், ஒரு குவளை வைன். ஒரு கிழவர் முதுகுக் கட்டின் கொளுவியைத் திறந்து மூடிப் பார்த்து மெச்சினார். கடைசியில் சில்வெஸ்டரின் முகம் கமராவுக்கு மிகக் கிட்ட வந்தது. மூக்கு மட்டும்தான் தெரிந்தது.

"ராசலிங்கம், அன்ரனிற்றாக்குச் சொல்லிப்போடாதை. தெரிஞ்சா நாளைக்கே என்னைத் தண்ணிப்பெட்டி தூக்க விடுவாள்."

அதோடு திரை கறுத்தது. அந்த ஊர்ச் சதுக்கத்தைப் படம் எடுப்பதற்காகக் கமராவை இராசலிங்கத்திடமிருந்து திரும்ப வாங்கிப் பொத்தானை அமத்தியிருக்கிறார்.

முதலில் வாய் திறந்தவர் இராசலிங்கம். "நான் ஒண்டும் சொல்லேல்லை அண்ணை. மாதா மேலே சத்தியமா நான் சொல்லேல்லை."

"நீ சைவக்காரன், உனக்கென்ன மாதா மேலே சத்தியம்," என்றார் ஞானப்பிரகாசம்.

அன்ரனிற்றா கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் தட்டைக் கீழே வைத்தாள்.

"இஞ்சருங்கோ, உந்தப் படி ஏறின இடத்தைத் திருப்பிப் போடுங்கோ."

சில்வெஸ்டர் திருப்பிப் போட்டார். பார்த்தாள். இன்னொரு தரம் போடச் சொன்னாள். பார்த்தாள். பிறகு என்னிடம் திரும்பினாள்.

"அக்கா, உந்தப் படியோ எங்கட படியோ கஷ்டம்?"

"உங்கட படியிலே கைபிடி இருக்கு," என்றேன்.

சில்வெஸ்டர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கள்ளமில்லை அன்ரனிற்றா. பயம். அண்டைக்கு இந்த நிலத்திலே அசைய ஏலாமக் கிடந்தது ஒவ்வொரு நாளும் ஞாபகம் வரும். மாதாக்குக் கீழே நிக்கேக்கை ஞாபகம் வரேல்லை. பிறகு பஸ்ஸடிக்கு வர, திரும்ப வந்திட்டுது."

"எனக்கும் பயம்தான். என்னைத்தான் வெட்டப்போறாங்கள்," என்றாள் அன்ரனிற்றா. "நான் பயத்தோட தூக்கேல்லையே?"

நான் அவரை எழுந்து நிற்கச் சொன்னேன். குனியச் சொன்னேன், நிமிரச் சொன்னேன், முழங்காலை மடித்து முதுகை நேராக வைத்து அந்தத் தொலைக்காட்சிப் பெட்டியைச் சுவரோடு தள்ளச் சொன்னேன். தள்ளினார். ஒரு முனகலும் இல்லை. நிலமும் கீறவில்லை. "பயத்துக்கு முதுகுக் கட்டு சரிவராது," என்று சொல்லி ரோல்ஸை எடுத்துச் சாப்பிட்டேன். சூடு ஆறிப்போயிருந்தது.

மறுநாள் திங்கட்கிழமை சில்வெஸ்டருக்குப் பின்னேர வேலை. காலையில் படிக்கட்டில் சத்தம் கேட்டுக் கதவைத் திறந்தேன். நிலவறையிலிருந்து ஈர உடுப்புக் கூடை ஏறிப் போனது, அதன் கீழே சில்வெஸ்டரின் கால்கள். பின்னால் தண்ணீர்ப் பெட்டியோடு இராசலிங்கம். உடந்தையாக இருந்ததற்குத் தண்டனையாம். இறங்கி வந்து சில்வெஸ்டர் அரிசி மூட்டையைத் தோளில் ஏற்றினார். நான் முழங்காலை மடிக்கச் சொல்லிக்கொண்டு அவர் பின்னால் ஏறினேன்.

மேலே அன்ரனிற்றா கதவைத் திறந்து வைத்து, காலை ஒரு கதிரையில் நீட்டியபடி வைத்தியசாலையோடு ஜெர்மன் மொழியில் பேசிக்கொண்டிருந்தாள். இல்லை, தள்ளிப்போடத் தேவையில்லை. ஓம், அந்தத் திகதி சரி. வீட்டிலே பாரம் தூக்க ஆள் இருக்கிறார், அனுபவமுள்ளவர்.

இரண்டாம் மாடித் திருப்பத்தில் சில்வெஸ்டர் நின்று மேலே பார்த்தார். "அன்ரனிற்றா, வேர்க்குது. இந்த முதுகுக் கட்டைக் கழட்டட்டோ?"

அவள் தொலைபேசியின் வாயைக் கையால் பொத்தினாள்.

"கிடக்கட்டும். அதைக் கட்டினாத்தான் நீங்கள் நல்லாத் தூக்குறீங்கள்."

சில்வெஸ்டர் கட்டை ஒரு கொளுவி இறுக்கிவிட்டு மூட்டையோடு ஏறினார்.