மாடியில் ஈன்ற எருமை

நேற்று எங்கள் தென்னூர்க் குடியிருப்பில் லிஃப்ட் ஓடவில்லை. மேல்வீட்டு நாய் படிக்கட்டைப் பார்த்ததும், இறங்கவே மாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டது. எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சரோஜா அக்காவின் எருமை ஞாபகம் வந்துவிட்டது.

அப்போது ரயில்வேயில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். ஸ்ரீரங்கத்தில், கொள்ளிடக் கரையை ஒட்டிய தெருவில் மாடியறை வாசம். கீழே கொல்லைக் கொட்டகையில் சரோஜா அக்கா இரண்டு எருமைகள் வைத்திருந்தார். கணவர் இல்லை, பால்தான் பிழைப்பு. எனக்கோ மாடென்றாலே பயம். பால் வாங்கப் போனால் வால் எட்டாத தூரத்தில் நிற்பேன்.

ஐப்பசி மாதத்து ஒரு காலையில் ஆறு கரை தாண்டியது. நான் காபி குடித்து முடிப்பதற்குள் கொட்டகையில் முழங்கால் தண்ணீர்.

"தம்பி, ரூம் கதவைத் தொறங்க! இவ நெறமாசம், வெள்ளத்துல விட முடியாது."

தவிட்டு வாளியைக் காட்டியபடி நான் பின்நடையாகப் படியேற, அக்கா பின்னாலிருந்து தள்ள, ஒருவழியாக அந்தச் சினை எருமை என் அறைக்கு வந்து சேர்ந்தது. கிழட்டு எருமை கருப்பி மட்டும் படியில் கால் வைக்கவே இல்லை. அக்கா அதன் கயிற்றை அறுத்துவிட்டார்.

"கட்டிக் கெடந்தா செத்துரும் தம்பி. அவுத்துவிட்டா எங்கயாவது மேடேறிக்கும்." சொல்லும்போதே அழுதுவிட்டார்.

மறுநாள் மதியம் என் கோரைப்பாயில் கன்று விழுந்தது. என் ஒரே போர்வையால் அக்கா அதைத் துடைத்தார். அந்த வாசனை பல மாதம் என்னைவிட்டுப் போகவில்லை. ஆபீஸில் தனியாகத்தான் சாப்பிட்டேன்.

தண்ணீர் வடிந்ததும் வீட்டுக்காரர் வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி வந்தார். இன்றோடு அறை போச்சு என்று நினைத்தேன். எட்டிப் பார்த்தவர், "ரெண்டு ஜீவனும் க்ஷேமமா இருக்கோன்னோ? பெருமாள் கிருபை. தரைய அலம்பிக்கலாம்" என்றார்.

ஆனால் எருமை இறங்க மறுத்தது. தவிடு, தட்டல், கெஞ்சல் எதுவும் பலிக்கவில்லை. கடைசியில் படிகளில் சாக்குகளைப் பரப்பி, கன்றைத் தூக்கி என் கையில் கொடுத்தார் அக்கா. நான் திரும்பியே பார்க்காமல் இறங்க, பின்னாலேயே தாயும் ஒவ்வொரு படியாக இறங்கி வந்தது.

கொட்டகையில் இருந்த வைக்கோலெல்லாம் ஊறி, பூசணம் பிடித்துக் கறுத்திருந்தது. பசியில் எருமை வாய் வைத்தபோது அக்கா பிடுங்கி எறிந்தார்: "இதத் தின்னா வயிறு ஊதிரும்." தெருக்காரர்கள் கழுநீரும் காய்த்தோலும் கொண்டுவந்தார்கள். மணப்பாறையிலிருந்து அவருடைய அண்ணன் காய்ந்த வைக்கோல் ஏற்றி வந்த பிறகுதான் அக்கா நிம்மதியாகச் சாப்பிட்டார்.

கருப்பியைத் தேடி அவர் மாலைதோறும் கரையில் நடந்தார். விடுமுறை நாளில் நானும் கூடவே போய்ப் பெயர் சொல்லிக் கத்தினேன். கிடைக்கவில்லை. கன்றுக்கு 'மாடிக்காரி' என்று பெயர் வைத்தார்.

அக்கா கடைசிக் காலத்தில் எடமலைப்பட்டி புதூரில் மகள் வீட்டில் பாக்கெட் பால் காபியைக் குறை சொல்லிக்கொண்டே இருந்து, போய்ச் சேர்ந்தார். போன மழைக்காலத்தில் ஆறு நிரம்பியபோது அந்தத் தெருப்பக்கம் போனேன். எல்லோரும் அவசரமாகக் கார்களை மேட்டுக்கு ஓட்டிக்கொண்டிருந்தார்கள். தெரு முழுக்க ஒரு மாடுகூட இல்லை.