விரதத்திலும் குடிக்கலாம் என்று நான் சொன்ன பவுடர்

வாட்சாப்பில் சுகரைக் குறைக்கும் பவுடர் விற்கும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். விற்காதீர்கள் என்றால் கேட்கமாட்டீர்கள். நானும் யார் சொல்லியும் கேட்டவள் இல்லை. நடந்ததைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

1

குவாலா சிலாங்கூர் பக்கத்து எஸ்டேட்டுகளில் ஒன்பது வருடம் டைரக்ட் செல்லிங் செய்தேன். பாகற்காய், சிறுகுறிஞ்சான், நாவல் கொட்டை என்று டின்னில் எழுதியிருக்கும். லயத்து வீடுகளின் வாசலில் உட்கார்ந்து, இலவசமாக விரலில் குத்தி சுகர் பார்ப்பேன். எண்ணைப் பார்த்து முகம் வாடும் நேரத்தில் டின்னை எடுப்பேன். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். எனக்கு வாய்க்கு என்றுமே குறைச்சல் இல்லை.

பவுடர் வேலை செய்தது, அதுதான் வினை. எங்கள் ஊர் மெஷின் கணக்கில் பதினாறாக இருக்கும் சுகர் பத்தே நாளில் எட்டாகும். எந்தப் பச்சிலையும் அப்படி இறக்கி நான் பார்த்ததில்லை. சந்தேகப்பட வேண்டிய இடத்தில் பெருமைப்பட்டேன், மடச்சி.

2

கம்போங் குவாந்தான் போகிற வழியில் ஓர் எஸ்டேட்டில் கலா இருந்தாள். பள்ளி கேண்டீனில் சமையல் வேலை, நாற்பத்தாறு வயது. கிளினிக் மாத்திரையோடு என் பவுடரையும் குடித்து வந்தாள். ஆடித் திருவிழாவுக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டுதல். ஒருவேளைச் சாப்பாட்டு விரதம். மாத்திரையில் என்னென்ன கலக்கிறார்களோ, விரதத்துக்கு ஆகாது என்று நிறுத்திவிட்டாள். எங்கள் பக்கம் பலரும் அப்படித்தான்.

“பவுடராவது குடிக்கலாமாக்கா?” என்று கேட்டாள்.

“இது மருந்தே இல்ல லா, வெறும் பச்சிலை. சாமிக்கு ஆகாதது ஒண்ணும் இதுல கிடையாது. மாத்திரைய விட்டுட்டல்ல, ரெண்டு ஸ்பூனா குடி” என்றேன்.

இரண்டு ஸ்பூன் என்று யார் என்னைச் சொல்லச் சொன்னது? அந்த வாயில் மண்ணைப் போட.

3

பால்குடத்தன்று காலையில் வெறும் வயிற்றில் பவுடரைக் குடித்துவிட்டு வந்தாள். கோயில் வாசலுக்குள் நுழைந்ததுமே உடம்பு நடுங்கியது. வியர்த்துக் கொட்டியது, கண் சொருகியது, ஏதேதோ உளறினாள். குடத்தை யாரோ வாங்கிக்கொண்டார்கள். சாமி வந்துவிட்டது என்று உடுக்கையை வேகமாக அடித்தார்கள். பூசாரி விபூதி போட்டார்.

லோ சுகர் வந்தால் எப்படி இருக்கும் என்று எனக்கு மனப்பாடம். கம்பெனி டிரெய்னிங்கில் மூன்று முறை கேட்டிருக்கிறேன். சுகர் பார்க்கும் மெஷினும் என் தோள்பையில்தான் இருந்தது. நானோ கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு நின்றேன்.

உடுக்கை நின்றது. அருள் வந்து விழுந்திருந்த மற்றவர்கள் எழுந்தார்கள், கலா எழவில்லை. அப்போதுதான் விரலில் குத்தினேன். மெஷினில் எண்ணே வரவில்லை, ‘லோ’ என்று மட்டும் காட்டியது. வாயில் சர்க்கரையைத் தடவி, வேனில் போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தாள் என்று டாக்டர் கேட்டார். அரை மணிக்கு மேல் என்பதைச் சொல்லாமல், பையிலிருந்த பவுடர் டின்னை எடுத்து நீட்டினேன்.

அவர் டின்னை வாங்கி டெஸ்டுக்கு அனுப்பினார். சுகரை இறக்கும் மாத்திரையைத்தான் பொடித்துக் கலந்திருந்தார்கள். சாப்பிடாமல் இருப்பவர் அதைக் குடித்தால் உயிருக்கே ஆபத்து என்றார்.

4

கலா பிழைத்தாள். பிழைத்தாள் என்று சொல்வதற்கே வெட்கமாக இருக்கிறது. பெற்ற மகளையே யாரென்று கேட்கிறாள். ஊட்டினால்தான் சாப்பாடு. புருஷன் சேகர் மில் வேலையை விட்டுவிட்டு அவளைப் பார்த்துக்கொள்கிறான். அன்றோடு விற்பதை நிறுத்தினேன். வாங்கியவர்கள் வீட்டுக்கெல்லாம் போய் உண்மையைச் சொன்னேன். பாதிப்பேர், “எனக்கு ஒண்ணும் ஆகலியே” என்று டின்னைத் திருப்பித் தரவில்லை.

போன வாரம் சேகர் என் வீட்டுக்கு வந்தான். திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் என் மனசு கொஞ்சமாவது ஆறியிருக்கும்.

“கிளினிக் மருந்துல அவளுக்கு சுகரே இறங்கல. அந்தப் பவுடரு இன்னும் இருக்காக்கா?”

“அந்தப் பவுடராலதான் சேகர் அவ இப்படி ஆயிட்டா.”

அவன் இல்லையென்று தலையை ஆட்டினான். எனக்கே ஆறுதல் சொல்கிறவன்போல மெதுவாகப் பேசினான்.

“மனச போட்டு அலட்டிக்காதீங்க. அது சாமி குத்தம். பச்சிலை என்னக்கா செய்யும்? நீங்கதானே சொன்னீங்க.”

ஒன்பது வருடத் தொழிலில் நான் கற்றது இதுதான்: டின்னைத் திரும்ப வாங்கலாம், சொன்ன சொல்லை வாங்க முடியாது.