மாமாவின் எஞ்சின் ஓடிய மத்தியானம்

நேற்று மார்க்கெட்டிலிருந்து ஜங்ஷன் ரோடு வழியாக வந்துகொண்டிருந்தேன். ஒர்க்‌ஷாப் ஒன்றின் வாசலில் நின்ற பழைய வேனிலிருந்து நீலப் புகை கிளம்பி ரோட்டையே மறைத்தது. எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒதுங்கினார்கள். நான் மட்டும் கத்தரிக்காய்ப் பையோடு நின்றுவிட்டேன். புதிதாக வேலை பார்த்த எஞ்சின் முதன்முதலாகச் சூடேறும்போது ஆயில் கருகுகிற வாசனை அது. உங்களுக்கு நாற்றமாக இருக்கலாம். எனக்கு அதில் என் அக்கா வீட்டுக்காரர் இருக்கிறார்.

மாமா சொந்தமாக வாடகைக் கார் ஓட்டினார். வெள்ளை அம்பாசிடர். படிப்பை முடித்துவிட்டு, விருத்தாசலத்துப் பீங்கான் கம்பெனி ஒன்றில் டைப்பிஸ்டாகச் சேர்ந்து, அக்கா வீட்டில்தான் தங்கியிருந்தேன். நாள் முழுக்க ஜாடி, கோப்பை, ஊறுகாய்ப் பரணி என்று தட்டிக்கொண்டிருப்பதற்கே எனக்கு அவ்வளவு கர்வம். வெளியூர் வியாபாரிகளை மாமாதான் கம்பெனிக்கு அழைத்து வருவார். என்னைக் கண்டதும் கலெக்டரைக் கண்டதுபோல இடுப்பை வளைத்து ஒரு கும்பிடு போடுவார். ஆபீஸே சிரிக்கும். அன்று ராத்திரி நான் அவருக்குச் சோறு போட மாட்டேன். அவரே போட்டுக்கொண்டு, பேசிக்கொண்டே சாப்பிடுவார். அவரால் பேசாமல் இருக்கவே முடியாது. வேப்பூர் போய்ச் சேர்வதற்குள் வண்டியில் ஏறியவரின் மாமியார் சண்டை வரைக்கும் தெரிந்துகொண்டுவிடுவார்.

அந்த வேப்பூர் ரோட்டில்தான் ஒருநாள், ரேடியேட்டர் தண்ணீர் ஒழுகிப்போனதைக் கவனிக்காமல் ஓட்டியதில், எஞ்சின் சூடேறி இறுகி நின்றுவிட்டது. கரீம் பாயின் ஷெட்டுக்குக் கயிறு கட்டி இழுத்து வந்து எஞ்சினை இறக்கினார்கள். பிஸ்டன், ரிங் எல்லாம் புதிதாகப் போடவேண்டியிருந்தது. சவாரி இல்லாத மாமா தினமும் அங்கே போய், கழற்றிப்போட்டதையெல்லாம் மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டே பாயோடு பேசிக்கொண்டிருப்பார். அப்படிப் பேசிக்கொண்டிருந்தபோதே ஒருநாள் சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தபோது வலது பக்கம் விளங்கவில்லை. பேச்சு அடியோடு போயிருந்தது.

வீட்டை ஓட்டவும் மருந்துக்கும் வேறு வழி தெரியவில்லை. வண்டியை ஓடுகிற நிலையில் கொடுத்தால் எடுத்துக்கொள்வதாகத் திட்டக்குடிக்காரர் ஒருவர் சொல்லியிருந்தார். எஞ்சினைத் திரும்பப் பூட்டித் தரும்படி பாயிடம் சொல்லிவிட்டு வந்த அக்கா, அடுப்படியில் என்னிடம் மெதுவாகச் சொன்னாள். "விக்கிறது அவருக்குத் தெரிய வேணாம். முதல்ல ஓடட்டும்."

ஓடவிட்டுப் பார்க்கும் நாளன்று மாமாவை ஆட்டோவில் கூட்டிப் போனோம். சுள்ளென்ற வெயில். தகரக் கூரையின் நிழலில் நாற்காலி போட்டு உட்காரவைத்தோம். பாய் சாவியை அக்காவிடம் நீட்டினார்.

"நீங்களே போடுங்கம்மா. உங்க வூட்டு வண்டி."

அதுவரை அக்கா அந்த சீட்டில் உட்கார்ந்ததே இல்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினாள். முதல் தடவை கிர்ரென்று சுற்றி அடங்கிவிட்டது. பாய் கார்புரேட்டரில் கொஞ்சம் பெட்ரோல் ஊற்றினார். அடுத்த தடவை பட்டென்று வெடித்ததில் நான்தான் தூணுக்குப் பின்னால் ஓடினேன். பாய் குனிந்து எதையோ துளி திருப்பிவிட்டுத் தலையாட்டினார். அக்கா மறுபடி சாவியைத் திருப்பினாள். பிடித்துக்கொண்டது.

ஷெட் முழுக்கப் புகை. பயத்தில் அக்கா ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுக்கவில்லை. எஞ்சின் அலறியது. பாய் கத்தியது யாருக்கும் கேட்கவில்லை. அப்போது மாமாவின் இடது கை எழுந்தது. உள்ளங்கையைக் கீழே பார்க்க வைத்து மெல்ல, மெல்ல இறக்கினார். அக்கா அந்தக் கையையே பார்த்தபடி காலைத் தளர்த்தினாள். சத்தம் தணிந்து ஒரே சீராக நின்றது.

தன்னைப் பக்கத்தில் கொண்டுபோகச் சொல்லி ஜாடை காட்டினார். தாங்கிப் பிடித்து நிறுத்தினோம். பானெட்டின்மேல் கையை வைத்தார். வண்டியின் அதிர்வு அவர் தோள்வரைக்கும் ஏறியது. கோணிய வாயால் சிரித்தார். படுத்த பிறகு அவர் சிரித்தது அன்றுதான். வீடு திரும்பும்வரை இடது கையால் ஸ்டியரிங் திருப்புவதுபோலக் காட்டிக்கொண்டே வந்தார். "ஓட்டலாங்க, ஓட்டலாம்" என்றாள் அக்கா. நான் ஆட்டோவுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

திட்டக்குடிக்காரர் வருகிற அன்று காலையில், சோறு ஊட்டும்போது அக்கா சொல்லிவிட்டாள். "வண்டிய குடுத்துடறேங்க. எனக்கு வேற வழி தெரியல." மாமா வாயிலிருந்த கவளத்தை விழுங்கினார். அடுத்த கவளத்துக்கு வாயைத் திறந்தார். அவ்வளவுதான். வாங்குகிறவர் வந்ததும், வாசலில் நாற்காலியில் இருந்த மாமா சாவியைத் தன் கையில் தரச்சொல்லி ஜாடை காட்டி, தானே எடுத்துக் கொடுத்தார். வந்தவர் கூச்சத்தோடு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். மாமா மறுபடி உள்ளங்கையைக் கவிழ்த்து மெல்ல இறக்கிக் காட்டினார். வந்தவருக்குப் புரியவில்லை.

"புது எஞ்சினு இல்லீங்களா. கொஞ்ச நாளைக்கு மெதுவா ஓட்டச் சொல்றாரு" என்றாள் அக்கா.

வண்டி தெருமுனை திரும்பிச் சத்தம் அடங்கும்வரை மாமா உள்ளே வரவில்லை. அதற்குப் பிறகு சில வருஷம் இருந்தார். அக்கா பீங்கான் பொம்மைகளுக்கு வர்ணம் பூசப் போனாள்.

பாய் ஷெட் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. பாயும் இல்லை. நான் டைப் அடித்த கம்பெனியின் கேட்டுக்குள் கருவேலம் மண்டிக்கிடக்கிறது. நேற்று ராத்திரி படுத்துக்கொண்டு மாமாவின் பேச்சை நினைத்துப் பார்த்தேன். சொன்னதெல்லாம் ஞாபகத்துக்கு வந்தது. குரல் வரவில்லை. அந்தக் காலத்தில் யார் பதிந்துவைத்தார்கள்? காலையில் அக்காவுக்குப் போன் பண்ணி, மாமா குரல் எப்படிடீ இருக்கும் என்று கேட்டேன்.

அந்தப் பக்கத்தில் அக்கா தண்ணீர்க் குழாயை மூடுகிற சத்தம் கேட்டது. பிறகு சொன்னாள்.

"நானும் ரொம்ப நாளா தேடிக்கிட்டுதான் இருக்கேன்."