குடம் தட்டிய நாடகம்

என்னால் ஓரிடத்தில் சும்மா உட்கார முடியாது. சிறுவயதிலிருந்தே அப்படித்தான். சாப்பிட உட்கார்ந்தால் கால் ஆடும், படிக்க உட்கார்ந்தால் கை எதையாவது பிய்க்கும். "காலை ஆட்டாதடி, குடும்பத்துக்கு ஆகாது" என்று அம்மா தொடையில் ஒன்று வைப்பாள். குடும்பத்துக்கு ஆகாததெல்லாம் என் காலைக் கேட்காமலேயே ஏற்கெனவே நடந்து முடிந்திருந்தது. அதை அவளும் யோசிக்கவில்லை, நானும் எடுத்துச் சொல்லவில்லை.

உத்தரகோசமங்கைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அய்யாவும் சித்தப்பாவும் பாகம் பிரித்தபோது, தெற்குப் புஞ்சை வரப்பில் நின்ற சீமைக்கருவேல மரங்களை வெட்டிக் கரிமூட்டம் போடுவது யார் என்று பேச்சு வந்தது. ஊரே வேரோடு ஒழிய வேண்டும் என்று சபிக்கிற மரம் அது. அதற்காக அண்ணன் தம்பிக்குள் வாய் தடித்து, கை நீண்டு, கடைசியில் வீட்டுக்கு நடுவே சுவரும் எழும்பியது. தண்ணீருக்குப் போட்டிருந்த போர்க்குழாய் எங்கள் பக்கம் வந்தது. எங்கள் ஊரில் எங்கே துளை போட்டாலும் உப்புத் தண்ணீர்தான். எங்கள் போரில் மட்டும் என்ன புண்ணியமோ, நல்ல தண்ணீர். சித்தப்பா வீம்புக்குத் தன் பக்கம் ஒரு போர் போட்டார். வாயில் வைக்க முடியவில்லை.

"அந்தப் பக்கம் ஒரு சொட்டுப் போகக்கூடாது, ஆமா" என்றார் அய்யா. "தொண்டை வறண்டு செத்தாலும் அந்தத் தண்ணியத் தொடமாட்டேன்" என்றார் சித்தப்பா, சுவருக்கு அந்தப் பக்கம் நின்று. இரண்டும் ஊருக்கே கேட்டது. அதன்பிறகு சித்தி வண்டித் தண்ணீர் வாங்கிப் புழங்குவதாகச் சொல்லிக்கொண்டார்கள்.

தண்ணீர் எங்கள் தொட்டியில் விழும். தொட்டி நிறைந்தால் வழிகிற நீர் போவதற்கு ஒரு குழாய் உண்டு. முன்பு அது கொல்லை வாழைக்குப் போனது. சுவர் எழுப்பிய கொத்தனார் அதைப் பிடுங்காமல் மேலேயே கட்டிவிட்டதால், குழாயின் வாய் சித்தப்பா பக்கம் போய்விட்டது. விடிந்ததும் சித்தப்பாவின் லோடு ஆட்டோ கிளம்பிப் போகும். அய்யா வயலுக்குக் கிளம்புவார். அவர் தலை தெரு முனையில் மறைந்த பிறகுதான் அம்மா மோட்டாரைப் போடுவாள். போட்டுவிட்டு மறந்துவிடுவாள். தொட்டி நிறைந்து, தண்ணீர் குழாய் வழியாக அந்தப் பக்கம் கொட்டிக்கொண்டே இருக்கும். கொஞ்ச நேரத்தில் சுவருக்கு அப்பாலிருந்து எவர்சில்வர் குடத்தில் கரண்டியால் அடிக்கிற சத்தம் கேட்கும். டங், டங். அம்மா உடனே மோட்டாரை நிறுத்துவாள். "பாத்திரத்தப் போட்டு உடைக்கிறாளே, கொழுப்பப் பாரு" என்று தெருவுக்குக் கேட்கிற மாதிரி சொல்லுவாள்.

எனக்கு அம்மாவை நினைத்தால் பெருமையாக இருக்கும். தினம் தினம் சித்தி வாசலைச் சேறாக்குகிறாளே, என்ன வீரம்! சித்தியும் சளைத்தவள் இல்லை, குடத்தைத் தட்டித் தட்டி எதிர்த்து நிற்கிறாள். ஒருநாள் தண்ணீர் வீணாகிறதே என்று நானே ஓடிப்போய் சுவிட்சில் கை வைத்தேன். அம்மா கையைத் தட்டிவிட்டாள். "பெரிய மனுஷி! போ, போயிப் பல்ல வெளக்கு."

நான் ஒன்பதாம் வகுப்பு படித்த வருடம், பள்ளி ஆண்டு விழாவுக்கு நாடகம் சொல்லித்தர மதுரையிலிருந்து ஒரு அக்கா வந்தாள். ராஜா ராணி கிரீடம் எல்லாம் கிடைக்கும் என்று பெயர் கொடுத்திருந்தோம். அந்த அக்கா வந்த அன்றே, வசனம் கிடையாது, வேஷம் கிடையாது, உடம்புதான் பேச வேண்டும் என்றாள். எங்களை வட்டமாக நிற்கவைத்து, எதிரே நிற்கிற இரண்டு பேரின் கைகளை ஆளுக்கொன்றாகக் குறுக்கே பிடிக்கச் சொன்னாள். பிடித்த கையை விடாமல் சிக்கலை அவிழ்க்க வேண்டும். ஒருத்தி குனிய, ஒருத்தி தாண்ட, ஒருத்தியின் சடை இன்னொருத்தியின் வாய்க்குள் போக, பார்த்துக்கொண்டிருந்த பி.டி. சார், "இது நாடகமா, டிரில்லா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

"அச்சு அசலா எங்க வீடு மாதிரியே இருக்குக்கா" என்றாள் பௌசியா, என் கைக்கு அடியில் மாட்டிக்கொண்டு. அவளுடைய வாப்பா சவூதியில் இருந்தார். அக்காவுக்கு அந்தச் சொல் பிடித்துப்போயிற்று. எங்கள் நாடகத்தின் பொருள் அதுதான் என்று முடிவானது. உறவுக்காரர்கள் ஒருவரோடு ஒருவர் பேசாமல் இருக்கும்போது அவர்களுடைய கையும் காலும் என்ன செய்கின்றன என்று வீட்டில் பார்த்து வந்து, அப்படியே செய்துகாட்ட வேண்டும்.

எனக்கு அதற்குமேல் இருப்புக்கொள்ளவில்லை. என் காலை ஆட்டச் சொல்லியே ஒருத்தி மதுரையிலிருந்து வந்திருக்கிறாள்! வகுப்பில் பாடம் ஓட ஓட, பெஞ்சுக்கு அடியில் என் கால்கள் ஒத்திகை பார்த்தன. பௌசியா தன் வாப்பாவின் வீடியோ அழைப்பைக் கொண்டுவந்தாள்: அவளுடைய உம்மா போனைப் பார்த்துச் சிரிப்பாள், அதே போனை மாமியாரிடம் நீட்டும்போது முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொள்வாள். இன்னொருத்தி, கொழுந்தனுக்கு முதுகைக் காட்டியபடியே சோறு போடுகிற அண்ணியைக் கொண்டுவந்தாள். நான் எங்கள் சுவரைக் கொண்டுவந்தேன்.

மூன்று பேர் தோளோடு தோள் சேர்த்து நின்றால் சுவர். அவர்களுடைய கால்களுக்கு நடுவே நான் தள்ளிவிடுகிற நீலத் தாவணிதான் தண்ணீர். அந்தப் பக்கம் பௌசியா குடத்தோடு சித்தியாக நின்றாள். நான் தாவணியைத் தள்ளத் தள்ள அவள் அதை இழுத்துக் குடத்துக்குள் போட வேண்டும், இல்லாவிட்டால் துணி காலில் சிக்கும். துணி தீர்ந்ததும் குடத்தைத் தட்டுவாள். நான் உடனே நிறுத்துவேன்.

"குடத்தத் தட்டுனதும் ஒங்கம்மா ஏன் உடனே நிறுத்துறாங்க?" என்று அக்கா கேட்டாள்.

"பயந்துதான்க்கா."

"அப்ப மொகம் எப்படி இருக்கும்? செஞ்சு காட்டு."

யோசித்துப் பார்த்தேன். அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்து மெல்லத் தலையசைப்பாள். பிறகுதான் கத்துவாள். அப்படியே செய்தேன். அக்கா பௌசியாவின் குடத்துக்குள் எட்டிப் பார்த்தாள். பிறகு, "கூடக் கொறைய ஒண்ணும் செய்யாத. இதையே செய்யி" என்றாள். பயத்தை நன்றாக நடித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

விழாவன்று பள்ளி மைதானம் நிறைந்திருந்தது. சித்தப்பாவின் மகன் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் நடனத்தில் ஆடினான் என்பதால் அவர்கள் வீடும் வந்திருந்தது. அய்யா ஆண்கள் பக்கம் முன்வரிசை நாற்காலியில். சித்தப்பா பின்னால் கம்பத்தில் சாய்ந்து நின்றார். அம்மாவும் சித்தியும் பெண்கள் பக்கம், நடுவே நாலைந்து பேரை விட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

பௌசியாவின் போனுக்குக் கூட்டம் சிரித்தது. அண்ணியின் முதுகுக்குக் கைதட்டியது. எங்கள் சுவர் எழும்பியதும் பேச்சு அடங்கியது. எங்கள் வீட்டைத் தெரியாதவர் ஊரில் யார்? நான் தாவணியைத் தள்ளினேன். பௌசியா குடத்தில் வாங்கினாள். டங், டங். நிறுத்திக் கையைத் துடைத்தேன், தலையசைத்தேன், ஊமையாக வாயை மட்டும் திறந்து கத்தினேன். இன்னொரு தாவணியை எடுத்து மறுபடியும் தள்ளினேன். இரண்டாவது முறை குடம் தட்டியதும், பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் கிளம்பியது.

"ஏ ஆத்தி! சண்டையாடி இது? கொடம் நெறஞ்சுருச்சுன்னுல்ல தட்டுறா!"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நாங்கள் இவ்வளவு பாடுபட்டுச் சண்டை போட, இவர்களுக்குச் சிரிப்பு வருகிறதே! மேடையிலிருந்து பார்த்தேன். அம்மா தலையைக் குனிந்திருந்தாள். சித்தி முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள். அய்யா சிரிக்கவில்லை, மேடையையும் பார்க்கவில்லை. திரும்பி அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். கம்பத்தில் சாய்ந்திருந்த சித்தப்பாவைக் காணவில்லை.

கடைசியில் எல்லோரும் கை கோத்துச் சிக்கலை அவிழ்க்க வேண்டும். என் பதற்றத்தில் நான் தப்பான பக்கம் குனிந்துவிட்டேன். அவிழவே இல்லை. அப்படியே சிக்கிப்போய் மூச்சுவாங்க நின்றோம். அதுதான் முடிவு என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

வண்டியில் அய்யாவுக்கும் அம்மாவுக்கும் நடுவே உட்கார்ந்து திரும்பினேன். "நாடகம் எப்படிய்யா இருந்துச்சு?" என்று கேட்டேன். பின்னாலிருந்து அம்மா என் இடுப்பில் கிள்ளினாள். வீட்டுக்கு வந்ததும் அய்யா நேரே தொட்டிப் பக்கம் போனார். அம்மா சோற்றைத் தொடவில்லை. அடுப்படியில் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒனக்கு வேற கதையே கெடைக்கலியாடி? நாளைக்கு ஒங்கய்யா அந்தக் கொழாய அடைச்சுட்டாருன்னா அந்தப் பிள்ளைக என்னத்தக் குடிக்கும்?"

"சித்திதான் வண்டித் தண்ணி வாங்குதே" என்றேன். "நான் ஒன்னையத்தானம்மா ஜெயிக்கிற மாதிரிக் காட்டுனேன்."

அம்மா என்னைப் பார்த்த பார்வைக்கு அன்று எனக்கு அர்த்தம் தெரியவில்லை. தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் காலையில் அய்யா வயலுக்குப் போகவில்லை. வேப்பங்குச்சியை மென்றபடி தொட்டி விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். அம்மா கூட்டிய வாசலையே திரும்பக் கூட்டினாள். மோட்டார் பக்கமே போகவில்லை. சித்தப்பாவின் லோடு ஆட்டோ கிளம்பிய சத்தமும் அன்று கேட்கவில்லை. ரிப்பேர் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

"மோட்டாரப் போடலியா?" என்றார் அய்யா.

அம்மா போட்டாள். தொட்டி ஏறியது. விளிம்பை எட்டும்போது அவள் கை தானாக சுவிட்சுக்குப் போனது.

"இருக்கட்டும்" என்றார் அய்யா.

தண்ணீர் குழாய்க்குள் இறங்கி அந்தப் பக்கம் கொட்டியது. அங்கிருந்து ஒரு சத்தமும் இல்லை. வெறும் தரையில் தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் வந்தது. யாரும் குடம் வைக்கவில்லை. அய்யா குச்சியை மெல்வதை நிறுத்திவிட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா விளக்குமாற்றைப் பிடித்தபடி நின்றாள். நான் ஒற்றைக் காலை மாற்றி மாற்றி நின்றேன். நல்ல தண்ணீர் இப்படிப் பாழாகிறது, பெரியவர்கள் இரண்டு பேரும் மரம் மாதிரி நிற்கிறார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. ஓடிப்போய் மோட்டாரை நிறுத்திவிட்டேன்.

"ஏ கூறுகெட்டவளே!" என்று அய்யா எழுந்துவிட்டார். அவர் என்னை அப்படித் திட்டியதே இல்லை. "ஒன்னைய எவ நிப்பாட்டச் சொன்னா?"

அவரே வந்து மறுபடியும் சுவிட்சைப் போட்டார். தண்ணீர் திரும்பவும் கொட்டியது. நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஓரமாக நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து, தரையில் விழுந்த தண்ணீரின் சத்தம் மாறியது. குடத்துக்குள் விழுந்தது. அதுவும் நிறைந்தது. பிறகு குடம் அதிர ஓர் அடி விழுந்தது. வழக்கமான டங் டங் இல்லை. ஒரே அடி, முரட்டு அடி, குடமே நசுங்கியிருக்கும்.

அய்யா வேப்பங்குச்சியைத் துப்பினார். அம்மாவைப் பார்க்காமல் சொன்னார்.

"நெறஞ்சுருச்சாம். நிப்பாட்டு."

அம்மா நிறுத்தினாள். முந்தானையில் கையைத் துடைப்பதற்குப் பதிலாக முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கத்தவும் மறந்துவிட்டாள். அவளுக்காக நானாவது கத்த வேண்டுமே என்று, "பாத்திரத்தப் போட்டு உடைக்கிறாளே, கொழுப்பப் பாரு!" என்று சுவரைப் பார்த்துக் குரல் கொடுத்தேன்.

இருவரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள். அடி விழும் என்று ஒதுங்கினேன். அய்யா சிரித்தார். சுவருக்கு அந்தப் பக்கமும் ஓர் ஆம்பிளை சிரிக்கிற சத்தம் கேட்டது.

இந்த வீட்டில் எதற்குத் திட்டுவார்கள், எதற்குச் சிரிப்பார்கள் என்றே தெரியவில்லை. சித்திக்கு இன்றைக்கு என்ன இவ்வளவு கோபம் என்று யோசித்துக்கொண்டே பல் விளக்கப் போனேன்.