மதிப்பிட வந்தவருக்குத் தேநீர்

உதவி தேவை என்று பிறரை நம்பவைக்க ஒரு மனுஷி எவ்வளவு தாழ்ந்து காட்ட வேண்டும்? இன்றுவரை எனக்கு விடை தெரியவில்லை. காப்புறுதி நிறுவனம் அனுப்பிய தாதி சிட்னியின் குவேக்கர்ஸ் ஹில்லில் எங்கள் வீட்டு மணியை அடித்த காலையில், என் மாமியார் கஞ்சி போட்ட பருத்திப் புடவையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கவாதத்துக்குப் பிறகு அவரால் வலது கையில் ஒரு கரண்டியைக்கூடப் பிடிக்க முடியாது. கைக்குழந்தையைத் தொட்டிலில் அழவிட்டு, அவரைக் குளிப்பாட்டி, புடவை உடுத்தி, கொண்டை போட்டுவிட்டது நான்.

அத்தை சிங்கப்பூரில் ஆசிரியையாக இருந்தவர். மாமா இறந்ததும், முடியாமல் போனால் மாதாமாதம் பணம் தரும் பராமரிப்புக் காப்புறுதி ஒன்றை எடுத்தார். சிட்னிக்கு எங்களோடு வந்த பிறகும் தவணை தவறாமல் கட்டினார். பிள்ளைகளுக்குப் பாரமாகக் கூடாது என்பதுதான் காரணம். அந்த முன்யோசனைக்குத்தான் இப்போது தண்டனை. வீட்டுக்கு வந்து குளிப்பாட்டிவிடும் பணியாளரைச் சலுகைக் கட்டணத்தில் அனுப்பும்படி அரசு அலுவலகத்தில் கேட்டோம். உங்களுக்குத்தான் காப்புறுதி இருக்கிறதே, முதலில் அந்தப் பணத்தைக் கேட்டு வாங்குங்கள், வந்தால் அதுவும் வருமானம், சலுகை குறையும் என்றார்கள். எதிர்காலத்தை நினைக்காமல் இருந்தவருக்கு உடனே ஆள் வந்திருக்கும் என்று என் கணவர் பொருமினார்.

தாதி ஒவ்வொன்றாகக் கேட்டார். தானாகக் குளிப்பீர்களா, தானாக உடுத்துவீர்களா? அத்தை எல்லாவற்றுக்கும் புன்னகையோடு ஆமென்றார். பொய் சொல்வதாக அவர் நினைக்கவே இல்லை. வீட்டுக்கு வந்தவரிடம் யாராவது தன் குறையைச் சொல்லிப் புலம்புவார்களா? நான் குறுக்கிட்டபோது ஒரு பார்வையில் அடக்கிவிட்டார். போதாததற்குச் சுவரைப் பிடித்து நடந்துபோய், இடது கையால் தேநீர் கொண்டுவந்தார். பாதி தட்டில் சிந்தியிருந்தது. தாதி தேநீரைப் பாராட்டிவிட்டு எதையோ எழுதிக்கொண்டார்.

காப்புறுதிப் பணம் மறுக்கப்பட்டது. நாங்கள் மேல்முறையீடு செய்தோம். அரசு அலுவலகமோ, அது முடியட்டும் என்று எங்கள் விண்ணப்பத்தைக் கிடப்பில் போட்டது. ஒருவர் கணக்கில் அத்தை நலமாக இருக்கிறார்; இன்னொருவர் கணக்கில் அவர் வசதியானவர். அவர்கள் இருவரும் முடிவெடுக்கும்வரை, தினமும் ஈரக் குளியலறையில் நானும் அத்தையும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு நிற்கிறோம். இது என்ன நியாயம்?

மேல்முறையீட்டுக்காக அடுத்த வாரம் வேறொரு தாதி மதிப்பிட வருகிறார். இம்முறை உள்ளபடியே இருங்கள் அத்தை என்று கெஞ்சினேன்.

"நைட்டியோட உட்கார்ந்து, என்னால முடியலன்னு முன்னபின்ன தெரியாதவங்ககிட்ட அழணுமா? அதுக்கு நான் குளிக்காமலே இருந்துக்கிறேன்மா," என்றார். பிறகு, "அந்த நீலப் புடவையை அயர்ன் பண்ணி வை."

அவர் சொன்னபடி நடந்தால் உதவி கிடைக்காது. மீறினால் அப்புறம் அவர் முகத்தில் எப்படி விழிப்பேன்? இதைக் கடந்து வந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்: உண்மையை அவர் எதிரிலேயே சொல்வதா, தாதியை வாசலிலேயே நிறுத்தி அவருக்குத் தெரியாமல் சொல்வதா?