வால் நுனி இரண்டு முறை

பூனை பூங்கனியின் மடியைவிட்டு எழுந்தது. சோம்பல் முறிக்கவில்லை. வாலைத் தரையோடு தாழ்த்தி, நுனியை மட்டும் இரண்டு முறை சுண்டியது. செல்லபாய் துடுப்பைக் கொதிக்கிற அக்கானிக்குள்ளேயே விட்டுவிட்டு ஓடினாள். மகளைத் தூக்கி அடுப்புக்கு அப்பால் மணலில் ஒருக்களித்துக் கிடத்தி, தலைக்கடியில் தன் கையைக் கொடுத்தாள். அதற்குப் பிறகுதான் பூங்கனிக்குக் கண் செருகியது. கையும் காலும் வெட்டி இழுத்தன.

இழுப்பு நின்றபோது அக்கானி அடிப்பிடித்திருந்தது. அன்றைய கருப்பட்டி கசந்தது. பனையிலிருந்து இறங்கிவந்த ரசலையன் விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தான். தூரத்தில் உட்கார்ந்து கால் நக்கிக்கொண்டிருந்த பூனையைப் பார்த்தான்.

அது ஐம்பத்துமூன்றாம் வருஷம். பத்மநாபபுரம் கோட்டைக்கு வடக்கே ரசலையன் முப்பது பனை ஏறினான். அவன் இறக்குகிற பதநீரை, அங்கே அக்கானி என்பார்கள், அவன் மனைவி செல்லபாய் விடிலியில் காய்ச்சிச் சிரட்டைகளில் ஊற்றினாள். நாலு கம்பும் ஓலைக்கூரையும் ஒரு பெரிய அடுப்பும்தான் விடிலி. மாசியிலிருந்து ஆடி வரை பகலெல்லாம் அவளுக்கு அங்கேதான்.

பூங்கனி நாற்பத்தேழில் பிறந்தவள். மூன்று வயதில் ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனபோது பேச்சும் போயிருந்தது, வலிப்பு வந்திருந்தது. ஆசுபத்திரியில் கொடுத்த பொடியில் நாள் முழுக்கத் தூங்கினாள். தூக்கத்திலும் இழுத்தது. பொடியை நிறுத்தினார்கள்.

பூனை எலிக்காக வந்தது. கருப்பட்டி இருக்கிற இடத்தில் எலி இருக்கும். வந்த மூன்றாம் நாள் பூங்கனியின் மடியைத் தனதாக்கிக்கொண்டது. அதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை. அங்கே பூனையைச் சொல்வதுபோலப் பூச்சை என்றார்கள்.

செல்லபாய்க்கு எழுத்துத் தெரியாது. வேதக்கோயிலில் மற்றவர்கள் பாட்டுப்புத்தகத்தைத் திருப்பும்போது தானும் ஒரு பக்கம் திருப்புவாள். வாலை மட்டும் ஒரு வருஷத்தில் படித்துவிட்டாள். கம்புபோல நிமிர்ந்து நுனி வளைந்திருந்தால் வந்துவிட்டேன் என்று அர்த்தம். தரையில் அடித்துக்கொண்டிருந்தால் தொடாதே. ரோமம் சிலிர்த்து இரண்டு பங்காகிவிட்டால் நாயோ பாம்போ பக்கத்தில். தாழ்ந்து, நுனி இரண்டு முறை சுண்டினால் பூங்கனி.

ஓலை பொறுக்க வரும் பக்கத்துவிளை ராகேல் சிரிப்பாள்.

"பூச்சை வாலில எந்தக் கிளாஸ் வர படிச்சிருக்க, செல்லபாய்?"

"நாலாம் கிளாஸ். உனக்க மாமியாருக்கு வால் இருந்தா அதையும் படிச்சுத் தந்திருப்பேன்."

ரசலையனுக்கு வால் தெரியாது. அவன் எப்போதும் மேலே இருந்தான். அங்கிருந்து விடிலியின் முன்பக்கம் முழுவதும் தெரியும். மகளின் தலை தெரியும், மடியில் பூனை ஒரு சாம்பல் உருண்டையாகத் தெரியும். உருண்டை நகர்ந்து போகும். அப்புறம் மகள் விழுவாள். ஒருமுறைகூட இது மாறவில்லை.

"அது எந்திரிச்சுப் போவுது, பிள்ள விழுது. எத்தன தடவ பாத்தாச்சு! என்னத்தையோ பிள்ளைக்கிட்ட விட்டுட்டுப் போவுது, ஏட்டி."

"விட்டுட்டுப் போவல்ல. சொல்லிட்டுப் போவுது."

"யாருட்ட?"

"எனக்கிட்ட. நீங்க ஒரு நாள் கீழ நின்னு பாருங்க."

"நான் கீழ நின்னா அக்கானி ஆரு இறக்குவா? உனக்க அப்பனா?"

ஆனாலும் ஒரு நாள் நின்றான். மரங்களை விட்டுவிட்டு, அடுப்புக்குப் பக்கத்தில் குந்தியிருந்து வாலையே பார்த்துக்கொண்டிருந்தான். வெயில் ஏறியது. மகள் பூனையின் காதைத் தடவிக்கொண்டிருந்தாள். வால் சும்மா கிடந்தது. அன்று இழுப்பு வரவில்லை.

"பூச்சை செய்யுதது பனையில இருக்கவனுக்குத் தெரியுது, பக்கத்தில இருக்க உனக்குத் தெரியல்லியே" என்றாள் ராகேல். இந்தமுறை சிரிக்கவில்லை.

சித்திரையில் ரசலையன் பூனையை ஓலையில் முடைந்த கடவத்துக்குள் போட்டு வாயைத் துணியால் கட்டினான். அருமனையில் அவன் அக்காள் இருந்தாள். அங்கே போகக் குழித்துறை ஆற்றைத் தாண்டவேண்டும். ஆறு தாண்டிய பூனைக்கு வழி தெரியாது.

"வேண்டாம், சொல்லுததக் கேளுங்க. எனக்கு அதில்லாம தெரியாது."

"பெத்த தள்ளைக்குத் தெரியாததா பூச்சைக்குத் தெரியும்?"

துணிக்கும் ஓலைக்கும் நடுவே வால் மட்டும் வெளியே நீண்டிருந்தது, ரோமம் சிலிர்த்து, இரண்டு பங்காக. பூங்கனி அதைப் பிடித்துக்கொண்டாள். ரசலையன் அவள் விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்தான். மெதுவாகத்தான் விடுவித்தான்.

ஒன்பது நாள் இழுப்பு வரவில்லை.

"பாத்தியா?" என்று கேட்டான். குரலில் குத்தல் இல்லை. சந்தோஷம்தான் இருந்தது. அவன் தப்பாகப் படித்திருக்கவில்லையோ என்று செல்லபாயும் நினைத்தாள். ஒருவேளை வாலைத் தப்பாகப் படித்தது தான்தானோ. அந்த ஒன்பது நாளும் மகளை அடுப்புக்கு எட்டாமல் வெளியே வடலிப் பனை நிழலில்தான் உட்காரவைத்திருந்தாள்.

பத்தாம் நாள் புதன்கிழமை. காலையிலேயே மழை பிடித்தது. மகளைத் தூக்கிவந்து விடிலிக்குள், கம்பை ஒட்டி உட்காரவைத்தாள். வெளியே விறகு ஓலை நனைந்துகொண்டிருந்தது. பத்தடி தூரம். ஒரு கட்டு உள்ளே இழுத்துப் போட்டுவிட்டு இன்னொன்றுக்குத் திரும்பினாள். பின்னால் கொதிக்கிற பானை மகள்மேல் சரிந்த சத்தம் கேட்டது.

கட்டிலோடு ஆசுபத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். பூங்கனி வியாழன் விடியும்வரை இருந்தாள். அன்று பிற்பகலில் அடக்கம் செய்தார்கள். அருமனை அக்காள் வந்திருந்தாள். கொண்டுவிட்ட அன்றே பூனை எங்கோ போய்விட்டதாம்.

எல்லாரும் போனபிறகு ரசலையன் செல்லபாய்க்கு எதிரே உட்கார்ந்தான்.

"வால எப்படி ஆட்டும்?" என்று கேட்டான்.

அவள் சுட்டுவிரலைத் தரையோடு தாழ்த்தி வைத்து, நுனியை இரண்டு முறை சுண்டிக் காட்டினாள்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

மறுநாள் வெள்ளிக்கிழமை. மழை இல்லை. பாளையைச் சீவாமல் விட்டால் ஊற்று அடைத்துக்கொள்ளும். ஏற்கெனவே இரண்டு நாள் விட்டிருந்தது. ரசலையன் விடிவதற்குள் ஏறினான். எட்டு மரத்தில் ஊற்று நின்றிருந்தது. மற்றவற்றில் கிடைத்ததை இறக்கிக் கொண்டுவந்தான். ராகேல் புதுப் பானை ஒன்று கொண்டுவந்து வைத்தாள். செல்லபாய் அக்கானியை வடிகட்டி ஊற்றி, அடுப்பு மூட்டினாள். ஓலை ஈரமாக இருந்ததால் புகைந்தது. கொதி வந்ததிலிருந்து பதம் வரும்வரை துடுப்பைக் கையிலிருந்து வைக்கவில்லை. சிரட்டைகளில் ஊற்றி ஆறவைத்தாள். அன்று அக்கானி அடிப்பிடிக்கவில்லை.