சந்திரமதி ஏறாத டட்சன்

மலாக்காவுக்கு ஒரு காலத்தில் ரயில் வந்துகொண்டிருந்தது. ஜப்பான்காரன் ஆண்டபோது அந்தத் தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்து, சயாமில் போட்ட புதுப் பாதைக்கு அனுப்பிவிட்டான். யுத்தம் முடிந்தது, மெர்டேக்கா என்ற சுதந்திரமும் வந்தது, ரயில் மட்டும் திரும்பவில்லை. கோலாலம்பூருக்கோ சிங்கப்பூருக்கோ ரயில் பிடிக்க வேண்டியவர்கள் முதலில் தம்பின் போயாக வேண்டும். அவர்களைத் தம்பின் ஸ்டேஷனில் கொண்டுபோய் இறக்கிவிடுவதுதான் கலியாணசுந்தரத்தின் பிழைப்பு.

அவர் புக்கிட் ரம்பாய்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். ரப்பர் மரத்துக்குப் போகப் பிடிக்காமல் லாரிக்குப் போனார். கிளீனராக இருந்து டிரைவரானார். மெர்டேக்கா வந்த வருஷம் ஒரு பழைய ஆஸ்டினை வாங்கி, டாக்சி லைசன்ஸ் எடுத்து, மனைவி சந்திரமதியோடு காஜா பேராங்கில் ஒரு பலகை வீட்டுக்குக் குடிவந்தார். நிதானமாக ஓட்டுகிறவர். சாலையில் கோழி குறுக்கே வந்தால் வண்டியை நிறுத்தி, அது தன் குஞ்சுகளையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டு போகும்வரை காத்திருப்பார். டாக்சி ஸ்டேண்டில் அவருக்குப் பின்னால் நிற்கும் டிரைவர் ஷரீஃபுதீன், "அண்ணே வண்டியில ஏறினா பயணிக்குத் தூக்கம் வரும், பின்னால வர்ற எனக்குக் கொட்டாவி வரும்" என்று கிண்டல் செய்வார்.

தம்பின் டாக்சிக்கு ஒரு வழக்கம் உண்டு. நான்கு பேர் சேர்ந்தால்தான் வண்டி கிளம்பும். வரிசையில் முதலில் நிற்கும் வண்டி நிறைந்த பிறகே அடுத்த வண்டிக்கு ஆள். மூன்று பேர் ஏறி உட்கார்ந்து, நான்காவது ஆளுக்காகத் தெருமுனையையே பார்த்துக்கொண்டிருப்பது அங்கே அன்றாடக் காட்சி.

அறுபத்தொன்றாம் வருஷம் ஆஸ்டின் படுத்துவிட்டது. பத்து பெரெண்டாமில் பட்டறை வைத்திருந்த ஜெயபாலன் அதன் மூடியைத் திறந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினான்.

"அண்ணே, இதுக்கு இனிமே மருந்து கிடையாது. கருமாதி பண்ணிடுங்க."

"என்னடா இப்படிச் சொல்றே. நல்லா ஓடின வண்டிடா."

"நல்லா ஓடிச்சு. அதான் களைச்சுப் போச்சு."

அந்தச் சமயத்தில்தான் மலாக்காவில் டட்சன் கார்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கண்ணில் படத் தொடங்கியிருந்தன. ஷரீஃபுதீனைக் கூட்டிக்கொண்டு கலியாணசுந்தரம் பார்க்கப் போனார். விற்பனையாளர் ஒரு சீன இளைஞர். மலாய் பாஷையில் கதையாகவே சொன்னார். அரை நூற்றாண்டுக்கு முன் மூன்று பேர் பணம் போட்டார்களாம். மூவர் பெயரின் முதல் எழுத்துகளைச் சேர்த்து 'டாட்' என்று ஒரு கார் செய்தார்களாம். பிறகு அதைவிடச் சின்னதாக ஒன்று செய்தபோது, டாட்டின் பிள்ளை என்று பொருள் வரும்படி 'டாட்சோன்' என்று பெயர் வைத்தார்கள். ஜப்பான் பாஷையில் 'சோன்' என்றால் நஷ்டமாம். உடனே அதை 'சன்' என்று மாற்றிச் சூரியனாக்கிவிட்டார்கள். மூன்று வருஷத்துக்கு முன் ஆஸ்திரேலியாவைச் சுற்றிவரும் பந்தயத்தில் ஓடி, தன் பிரிவில் முதலாவதாக வந்த வண்டி என்று முடித்தார்.

"நஷ்டத்துக்குப் பயந்து பேரையே மாத்தினவன், வியாபாரத்துல நம்ம ஆளு அண்ணே" என்றார் ஷரீஃபுதீன்.

கலியாணசுந்தரத்துக்குப் பேர்க் கதை முக்கியமாகப் படவில்லை. வண்டியை ஜெயபாலனிடம் காட்டினார். அவன் இன்ஜினைச் சுற்றிச் சுற்றி வந்து, "அட, இதுல ஆஸ்டின் வாசனை அடிக்குதே!" என்றான். ஜப்பான்காரன் சில வருஷங்கள் ஆங்கிலேயனிடம் அனுமதி வாங்கி ஆஸ்டினையே தன் ஊரில் கட்டிப் பழகியவன் என்று பிறகு தெரிந்தது. செத்துப்போன ஆஸ்டினின் சொந்தக்காரன் வந்த மாதிரி இருந்தது அவருக்கு. அன்றைக்கே முடிவு செய்துவிட்டார்.

வீட்டில் "புதுக் காடி எடுக்கப் போறேன்" என்று மட்டும் சொன்னார். எந்த ஊர்க் கார் என்று சந்திரமதி கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதற்குக் காரணம் அவருக்கு நன்றாகத் தெரியும்.

சந்திரமதியின் அப்பா சுப்பையன் ரயில்வேயில் வேலை பார்த்தவர். தினமும் காலையில் சுத்தியலோடு தண்டவாளத்தின்மேல் நடந்து, தட்டித் தட்டிச் சத்தம் கேட்டு, தளர்ந்த ஆணிகளை இறுக்கிக்கொண்டு போவார். ஜப்பான்காரன் வந்ததும் அதே ஆட்களை வைத்தே அந்தத் தண்டவாளத்தைப் பெயர்த்தான். பல வருஷம் இறுக்கிய ஆணிகளை அவர் தன் கையாலேயே பிடுங்கினார். இரும்பை ஏற்றி அனுப்பிய பிறகு, அந்த ஆட்களையும் மூன்று மாத வேலை என்று சொல்லிச் சயாமுக்கு அழைத்துப் போனார்கள். தம்பின் ஸ்டேஷனில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்று அப்பாவை வழியனுப்பியபோது சந்திரமதிக்குப் பன்னிரண்டு வயது. சயாமிலிருந்து திரும்பிய ஒருவர், மழைக்காலம் வரை அவரைப் பார்த்ததாகச் சொன்னார். அதற்குமேல் செய்தியில்லை. செய்தி வராததால் காரியமும் செய்யவில்லை. அவள் அம்மா சாகும்வரை நெற்றிப் பொட்டை எடுக்கவில்லை.

கலியாணசுந்தரமும் ஜப்பான்காரன் கையால் அறை வாங்கியவர்தான். குனிந்து வணங்க மறந்ததற்காக வாங்கிய அறை. அந்தக் கன்னம் எப்போதோ ஆறிவிட்டது. பதினெட்டு வருஷம் ஆகிவிட்டது, அவளுக்கும் ஆறியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

டட்சன் வீட்டு வாசலுக்கு வந்தது. சந்திரமதி தேங்காயும் எலுமிச்சம்பழமும் வாங்கி, ஆரத்தி கரைத்துத் தயாராக வைத்திருந்தாள். நீல நிறத்தில் பளபளவென்றிருந்த காரைப் பார்த்து அவள் முகம் மலர்ந்தது. அப்போது ஷரீஃபுதீன் வந்து, "ஜப்பான்காரன் நம்மகிட்ட எடுத்ததை அண்ணன் ஒரு காடியா திருப்பி வாங்கிட்டாரு தங்கச்சி!" என்று சிரித்தார். வாழ்த்தத்தான் சொன்னார். சந்திரமதி காரை ஒருமுறை, கணவரை ஒருமுறை பார்த்தாள்.

அவள் சண்டை போடவில்லை. ஆரத்தி எடுத்தாள். நான்கு சக்கரங்களுக்கும் கீழே எலுமிச்சம்பழத்தைத் தன் கையாலேயே வைத்தாள். புது வண்டியில் வீட்டுக்காரி முதலில் ஏறி உட்கார்ந்து கோவிலுக்குப் போவது வழக்கம். கலியாணசுந்தரம் முன்கதவைத் திறந்து பிடித்தார்.

"நீங்க போங்க. நான் நடந்து வர்றேன்."

"சந்திரா, தெருவே பாக்குது."

"பாக்கட்டும். சொல்லாம வாங்கினீங்கல்ல, சொல்லாமலே ஓட்டிக்கிட்டுப் போங்க."

அவள் நடந்தாள். அவர் அவளை முந்திப் போக மனமில்லாமல், அவளுக்குப் பின்னால் முதல் கியரிலேயே காரை ஊர்ந்து ஓட்டிக்கொண்டு வந்தார். காஜா பேராங் சாலையில் ஒரு பெண் முன்னால் நடக்க, புத்தம்புதுக் கார் ஒன்று பின்னாலேயே மாரியம்மன் கோவில்வரை போனதைப் பார்க்காதவர் இல்லை.

கார் நன்றாகவே ஓடியது. ஊரில் டட்சன் வைத்திருந்தவர்கள் வழியில் கண்டால் நிறுத்திப் பேசுவார்கள். தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி கருணாகரன், "பெட்ரோலை முகர்ந்து பாத்தே ஓடுது சார்" என்பார். இன்னொருவருக்கு, ஆஸ்டினைப்போலக் காலை நீட்டி உட்கார முடியவில்லையே என்று ஆதங்கம். எல்லாரும் ஒத்துக்கொண்ட ஒன்று, காலையில் முதல் முறையிலேயே ஸ்டார்ட் ஆகிறது என்பது. ஆனால் டட்சன் வாங்காதவர்களுக்குத்தான் டட்சனைப் பற்றி அதிகம் தெரிந்திருந்தது. ஜப்பான் தகரப் பொம்மையை நினைத்துக்கொண்டு, 'பிஸ்கட் டின்' என்றார்கள். தட்டினால் நசுங்கும் என்றார்கள். அவர்கள் தட்டியும் பார்த்தார்கள், நசுங்கவில்லை. பேச்சு மட்டும் நிற்கவில்லை.

கொஞ்ச நாளில் அந்தப் பேச்சுக்கு ஒரு சாட்சியும் கிடைத்துவிட்டது. 'டிரைவர் சம்சாரமே ஏற மாட்டேங்குதாம். புருஷனுக்குத் தெரிஞ்ச குறை பொண்டாட்டிக்குத் தெரியாதா? பிரேக் பிடிக்காதாம்.' கோவிலுக்கு நடந்துபோன கதை தெருத் தெருவாகப் போனபோது அதிலிருந்து சுப்பையன் எங்கேயோ விழுந்துவிட்டார், பிரேக் ஏறிக்கொண்டது.

முதல் வண்டியாக நின்றாலும் ஆட்கள் அவரைத் தாண்டிப் பின்னால் நின்ற ஷரீஃபுதீனின் மோரிஸ் காரில் ஏறப் பார்த்தார்கள். ஷரீஃபுதீன் தன் வண்டிக் கதவைச் சாத்திக்கொண்டு, "வரிசைப்படி ஏறுங்க" என்று திருப்பி அனுப்புவார். அவர்கள் போய்க் கோப்பிக் கடையில் உட்கார்ந்து, டட்சன் முதல் இடத்தைவிட்டு நகரக் காத்திருப்பார்கள். அது நகராது, நான்கு பேர் சேரவில்லையே! இப்படியே போனால் ஸ்டேண்டில் எல்லாருடைய பிழைப்பும் கெடும். காரை விற்றுவிட்டு மறுபடி லாரிக்கே போகலாமா என்றுகூட யோசித்தார். ஏன் ஆள் வரவில்லை என்று வீட்டில் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. சொன்னால், அவளை ஏறச் சொல்லிக் கட்டாயப்படுத்துவதாக ஆகிவிடும்.

ஒரு நாள் சந்திரமதி பெண்டஹாரா சாலையில் மிளகாயும் மல்லியும் வாங்கிவிட்டு, அவருக்குச் சாப்பாட்டுத் தூக்கைக் கொடுக்க ஸ்டேண்டுக்கு வந்தாள். டட்சனின் பின்சீட்டில் கைக்குழந்தையோடு மும்தாஜ் என்ற பெண்ணும் அவள் தாயார் சபியாவும் உட்கார்ந்திருந்தார்கள். சிங்கப்பூர் ரயிலைப் பிடிக்க வேண்டியவர்கள். முன்கதவருகில், ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற யாழ்ப்பாணத்துத் தம்பிராஜா, குடையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"நான் அடுத்த காரிலை வாறன்" என்றார் அவர்.

"இதுதாங்க முதல் வண்டி, ஐயா" என்றார் கலியாணசுந்தரம்.

"தெரியும். ஆனா உம்முடைய பெண்சாதியே உயிருக்குப் பயந்து ஏறாத காரிலை என்னை ஏறச் சொல்லுறீர். பிரேக் பிடிக்காதெண்டு ஊரெல்லாம் கதைக்குது."

பின்சீட்டில் சபியா மகளைப் பார்த்தாள். மும்தாஜ் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கக் காலை வெளியே வைத்தாள். கலியாணசுந்தரம் துணியால் கண்ணாடியைத் துடைத்தார். அது ஏற்கெனவே துடைத்த கண்ணாடி.

"ஐயா" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "அந்தப் பெண்சாதி நான்தான்."

தம்பிராஜா திரும்பினார்.

"நான் பயந்து ஏறலைன்னு யாரு சொன்னா? எங்கப்பாவை சயாமுக்குக் கொண்டுபோனவங்க ஊர்ல செஞ்ச காடி. அதனால ஏறலை. அவர் இருக்காரா இல்லையான்னு இன்னிக்குவரைக்கும் தெரியாது. அதுக்குப் பேரு பிரேக்கா?" சாப்பாட்டுத் தூக்கை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். "பிரேக் நல்லாத்தான் இருக்கும். இவர் ஓட்டுற வேகத்துக்கு அது இல்லேன்னாலும் ஒண்ணும் ஆகாது."

ஷரீஃபுதீனுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். தம்பிராஜா ஊன்றியிருந்த குடையை எடுத்தார்.

"மன்னிக்க வேணும் பிள்ளை. தெரியாமல் கதைச்சிட்டன்." முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார். மும்தாஜின் கால் மறுபடி உள்ளே போனது.

"மூணு பேர்தான் ஆச்சு" என்றார் கலியாணசுந்தரம், யாரையும் பார்க்காமல். "இன்னொரு ஆள் வரணும்."

"ரயில் போயிடுமே" என்றாள் மும்தாஜ்.

சந்திரமதி தெருமுனையைப் பார்த்தாள். யாரும் வரவில்லை. தன் அப்பாவை, தன் துக்கத்தை ஊர் ஒரு பிரேக்காக மாற்றிவிட்டது என்ற கோபம் அவள் முகத்தில் இன்னும் இருந்தது. தூக்கையும் சாமான் பையையும் ஷரீஃபுதீனிடம் நீட்டினாள்.

"பாய், இதை வச்சிருங்க. தம்பினுக்குத்தானே? நான் அங்க போகணும்."

பின்சீட்டில் மும்தாஜின் பக்கத்தில், நான்காவது ஆளாக ஏறி உட்கார்ந்தாள்.

வழியில் கண்ணாடியில் கலியாணசுந்தரம் பார்த்தபோதெல்லாம் அவள் முகம் ஜன்னல் பக்கமே இருந்தது. பழைய ரயில் பாதையின் மண்மேடு சாலைக்குப் பக்கத்தில் தெரிவதும் மரங்களுக்குள் மறைவதுமாக இருந்தது. அந்த மேட்டை அவர் தினமும் கடந்துபோகிறவர். அன்றைக்குத்தான் அதன்மேல் ஒருவர் சுத்தியலோடு நடப்பதாக நினைத்துப் பார்த்தார்.

தம்பினில் ரயில் வந்து, மூன்று பேரும் ஏறிப் போய்விட்டார்கள். சந்திரமதி பிளாட்பாரத்தின் கடைசிவரை நடந்து, வடக்கே போகும் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். திரும்பும்போதும் நான்கு பேரைச் சேர்த்துக்கொண்டு வருவதுதான் வழக்கம். அவர் அன்றைக்கு யாரையும் கூப்பிடவில்லை. அவள் வந்ததும் பின்கதவைத் திறந்தார். அவள் முன்கதவைத் தானே திறந்து உட்கார்ந்தாள்.

அலோர் காஜா வருவதற்கு முன் நிறுத்தச் சொன்னாள். இறங்கிப்போய் மண்மேட்டின்மேல் ஏறினாள். லாலாங் புல் இடுப்பளவு வளர்ந்திருந்தது. அவரும் பின்னாலேயே போய் நின்றார்.

"இந்த ரோடு ஓரமா ரயில் ஓடிக்கிட்டே இருந்திருந்தா, நீங்க என்ன பண்ணிட்டு இருப்பீங்க?"

அவர் யோசித்தார். "யாரு டாக்சியில தம்பின் போவா? லாரிதான் ஓட்டியிருப்பேன்."

"எங்கப்பா இருந்திருந்தா லாரிக்காரனுக்கு என்னைக் குடுத்திருக்க மாட்டாரு. ரயில்காரனுக்குத்தான் குடுப்பேன்னு அம்மாகிட்ட சொல்லிக்கிட்டே இருப்பாரு."

சிரிப்பதா கூடாதா என்று அவருக்குத் தெரியவில்லை. தன் பிழைப்பும் தன் கல்யாணமும் பெயர்த்தெடுத்த ஒரு தண்டவாளத்தின் இடத்தில் முளைத்தவை என்று அதுவரை அவர் நினைத்ததில்லை. "சொல்லாம வாங்கினது தப்புதான் சந்திரா" என்றார்.

"தப்புதான்" என்றாள் அவள். புடவையில் ஒட்டிய புல்லைத் தட்டிவிட்டுக்கொண்டு காருக்கு நடந்தாள். கிளம்பிய பிறகு, "சத்தமே இல்லை இதுல. ஆஸ்டின்னா இந்நேரம் காது வலிச்சிருக்கும்" என்றாள். அதற்குமேல் அவள் அந்தக் காரைப் புகழ்ந்ததில்லை.

ஸ்டேண்டில் அதன்பிறகு பிரேக் பேச்சு அடங்கிவிட்டது. தம்பிராஜாவே நான்கு பேரிடம் சொல்லியிருப்பார். டட்சன் முதல் இடத்துக்கு வருவதும் நிறைந்து கிளம்புவதுமாகப் பிழைப்பு நடந்தது.

சந்திரமதி சினிமாவுக்கும் கடைக்கும் இன்றும் நடந்தேதான் போகிறாள். சில காலைகளில் மட்டும், அவர் முதல் நடைக்குக் கிளம்பும்போது, தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு வந்து முன்கதவைத் திறந்து உட்கார்ந்துகொள்வாள். ஸ்டேண்டில் யாராவது, "உங்க வீட்டுல இப்ப டட்சன்ல ஏறுறாங்களா?" என்று கேட்டால் கலியாணசுந்தரம் மறைக்க மாட்டார்.

"ஏறுறா. தம்பினுக்கு மட்டும்."